லான் பவுல்ஸில் உருட்டுவதற்கு முன்: நிலையான ஒழுங்கை உருவாக்குவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஆகஸ்ட் 2 அன்று, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளின் ஒரு பகுதியாக லெமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பூங்காவில் நடந்த பெண்கள் நால்வர் இறுதி ஆட்டத்தில், லவ்லி சௌபே, பிங்கி சிங், நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்கி ஆகியோர் தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்றார்கள். இவ்விளையாட்டில் இந்தியா பெற்ற முதல் காமன்வெல்த் பதக்கமே தங்கமாக அமைந்தது. லான் பவுல்ஸ் என்ற பெயரையே நம்மில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஜாக் எனப்படும் சிறு பந்துக்கு மிக அருகில், பவுல் எனப்படும் தம் பெரிய பந்தைப் புல்தளத்தில் உருட்டிக் கொண்டு நிறுத்துபவருக்கே புள்ளி என்பதும், பவுல் முழு உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்த வடிவம் கொண்டதால் வளைந்தே செல்லும் என்பதும் இந்த ஆட்டத்தின் அடிப்படை. அதை அறிந்து, சில மாதங்களேனும் விளையாடிய பிறகு, "பயிற்சியில் வரும் உருட்டல் போட்டியில் ஏன் வருவதில்லை?" என்று கேட்கத் தொடங்கியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

உருட்டலுக்கு முந்தைய ஒழுங்கு என்றால் என்ன?

ஒவ்வொரு பவுலையும் உருட்டும் முன் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே கால அளவில் ஓர் ஆட்டக்காரர் மேற்கொள்ளும் பார்வைகள், அசைவுகள், எண்ணங்கள் ஆகியவற்றின் தொகுப்பே அது. அதைச் சடங்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொப்பியை மூன்று முறை தொடுவதால் பவுலைப் பற்றி நமக்கு எதுவும் தெரிவதில்லை. பவுலின் பக்கத்திலுள்ள வட்டத்தைப் பார்த்து எந்தப் பக்கம் வளையும் என்று உறுதி செய்துகொண்டால், அடுத்து நடக்கப்போவதைப் பற்றிய ஒரு செய்தி நமக்குக் கிடைக்கிறது. ஒழுங்கின் ஒவ்வொரு படியும் இப்படி ஏதேனும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். வேலை செய்யாத படியைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

கீழே வரும் விடைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்து இருக்கிறது. தீர்மானிக்கும் இடம் வேறு, உருட்டும் இடம் வேறு. காலடியில் விரிக்கப்படும் மேட் எனும் சிறு விரிப்புக்குப் பின்னால் நிற்கும்போது எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டுவிட வேண்டும். விரிப்பின் மீது ஏறிய பிறகு முடிவு செய்ய எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

கிரிக்கெட்டில் மட்டையாளர் பந்து வரும் வேகத்தில் ஆடிவிடுகிறாரே, இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு?

மட்டையாளரை நோக்கிப் பந்து வருகிறது. அவருக்கு யோசிக்க நேரமே இல்லை. லான் பவுல்ஸில் எதுவும் நம்மை நோக்கி வருவதில்லை. எந்தக் கணத்தில் தொடங்குவது என்பதை நாமே முடிவு செய்கிறோம். இந்தச் சுதந்திரம்தான் தொல்லையாகிறது, ஏனெனில் சும்மா இருக்கும் மனம் புள்ளிப் பலகையையும், சற்றுமுன் தவறிய பவுலையும், வேடிக்கை பார்ப்பவர்களையும் தேடிப் போய்விடும்.

நால்வர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு பவுல்கள் வீதம் ஒரு சுற்றில் 16 பவுல்கள் உருட்டப்படுகின்றன. முதலில் ஆடும் இரு லீட்களும் தங்கள் நான்கு பவுல்களை முடித்த பின், மீதமுள்ள 12 பவுல்களும் உருண்டு நிற்கும்வரை அவர்களுக்கு விரிப்பில் வேலை இல்லை. ஒரு பவுல் சென்று சேரவே பத்து விநாடிகளுக்கு மேல் ஆகும் என்பதால், அடுத்த முறை கையில் பவுலை எடுப்பதற்குள் பல நிமிடங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் தோள் இறுகிவிடும், கையும் முந்தைய வேகத்தை மறந்துவிடும். விட்ட இடத்துக்கு உடலையும் மனத்தையும் திரும்ப அழைத்துவர ஒரு பழகிய பாதை தேவைப்படுகிறது.

இன்னொரு காரணம் எளிய கணக்கு. 27 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கிப் புறப்படும் பவுலின் திசை ஒரு பாகை பிசகினால், மறுமுனையில் அது ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு பாகை என்பது கால் கட்டைவிரலைச் சற்றே திருப்பி வைத்தால் வந்துவிடும் வேறுபாடு. இவ்வளவு நுண்மையை ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துச் சரிசெய்ய எவராலும் முடியாது. அதைப் பழக்கத்திடம் ஒப்படைப்பதே வழி.

ஒழுங்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்? விரிப்பின் மீது ஏறியதும் தொடங்கினால் போதாதா?

போதாது. எதிரணியின் பவுல் உருளும்போதே நம் ஒழுங்கு தொடங்கிவிடுகிறது. அந்நேரம் ஆடுகளம் எதிரணியின் உரிமையில் இருப்பதால், விரிப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் பின்னால், அவருக்கு இடையூறின்றி நிற்க வேண்டும். ஆனால் கண் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்தப் பவுல் எங்கே வளையத் தொடங்குகிறது, எங்கே தயங்குகிறது, காற்று அதை எப்பக்கம் தள்ளுகிறது என்பவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் தகவல்கள். ஆயினும் அவருடைய பவுலின் சாய்வு நம்முடையதைவிட அகலமானதாகவோ குறுகியதாகவோ இருக்கலாம் என்பதை மறவாமல் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பவுல் நின்று, களத்தின் உரிமை நம் கைக்கு வந்ததும், நான்கு முடிவுகளை இதே வரிசையில் எடுக்கிறோம். என்ன வகை உருட்டல், எந்தக் கைப்பக்கம் (உருட்டும் கையின் பக்கமாக விடும் ஃபோர்ஹேண்டா, எதிர்ப்பக்கமாக விடும் பேக்ஹேண்டா), எந்தக் கோடு, எவ்வளவு வேகம். சான்றாக, எதிரணியின் பவுல் ஜாக்குக்கு ஒரு முழம் பின்னால் இருக்கிறது. நம்முடையது ஒன்று ஃபோர்ஹேண்ட் பாதையில் குட்டையாக நின்று வழியை அடைத்திருக்கிறது. அப்படியானால் பேக்ஹேண்டில் மென்மையாக வந்து ஜாக்கின் அருகே நிற்கும் 'டிரா' உருட்டல்தான் பொருத்தம். இதை மனத்துக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளும்படி நான் எப்போதும் வலியுறுத்துவேன். "பேக்ஹேண்ட், ஜாக்கைத் தாண்டி ஓரடி" என்று சொல்ல முடிந்தால் முடிவு முற்றுப்பெற்றுவிட்டது. "பேக்ஹேண்ட்... பார்ப்போம்" என்று இழுத்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள், அந்த நிலையில் விரிப்பில் ஏறக் கூடாது.

ஸ்கிப், அதாவது அணித் தலைவர், சொல்லும் உருட்டல் எனக்குச் சரியெனத் தோன்றாவிட்டால் என்ன செய்வது?

அணி ஆட்டத்தில் முடிவு ஸ்கிப்புடையது. மறுமுனையில் நின்று பவுல்களை அருகிலிருந்து பார்ப்பவர் அவரே. ஐயம் இருந்தால் விரிப்புக்குப் பின்னால் நின்று, சைகையாலோ குரலாலோ ஒருமுறை கேட்டுத் தெளியலாம். ஏறிய பின் அந்த உருட்டல் முழுமையாக உங்களுடையது. பாதி நம்பிக்கையோடு உருட்டப்படும் சரியான உருட்டலைவிட, முழு நம்பிக்கையோடு உருட்டப்படும் இரண்டாந்தர உருட்டலே பெரும்பாலும் ஜாக்குக்கு அருகில் சேர்கிறது என்பது என் அனுபவம்.

நான் ஏற்கெனவே இருமுறை பவுலைத் தலைகீழாகப் பிடித்து, அது எதிர்ப்பக்கம் வளைந்து போய்விட்டது. இதைத் தடுக்க முடியுமா?

முடியும். ஒழுங்கு உறுதியாகப் பலன் தரும் இடம் இதுவே. பவுலின் இரு பக்கங்களிலும் வட்டங்கள் உண்டு. சிறிய வட்டம் உள்ள பக்கமே பயாஸ் எனப்படும் சாய்வு உள்ள பக்கம். பவுல் அந்தப் பக்கமாகத்தான் வளையும். வலக்கை ஆட்டக்காரர் ஃபோர்ஹேண்டில் உருட்டும்போது பவுல் வலப்புறம் சென்று இடப்புறம் வளைந்து திரும்புவதால், சிறிய வட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும், பேக்ஹேண்டில் வலப்பக்கம். இடக்கை ஆட்டக்காரருக்கு இவை நேர்மாறு. இரண்டையும் மனப்பாடம் செய்வதைவிட, சிறிய வட்டம் எப்போதும் உள்பக்கமாக, அதாவது ஜாக் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை நினைவில் வைப்பது எளிது. பக்கம் மாறிப் போனால் பவுல் பக்கத்து ரிங்க்கை, அதாவது பக்கத்து ஆட்டப் பாதையை, நோக்கி விலகிக்கொண்டே போகும். எல்லையைத் தாண்டி வெளியே நின்றுவிட்டால் அது செத்த பவுல்.

இந்தத் தவறு அறியாமையால் நேர்வதில்லை. பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கும் நேர்கிறது, எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஓர் உள்ளூர்ப் போட்டியின் கடைசிச் சுற்றில், ஃபோர்ஹேண்டுக்காகப் பவுலைச் சரிபார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஸ்கிப் மனம் மாறிப் பேக்ஹேண்டைக் காட்டினார். நான் காலைத் திருப்பினேன், தோளைத் திருப்பினேன், பவுலைத் திருப்பவில்லை. அது கையை விட்ட மறுகணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போன பவுலைத் திரும்ப அழைக்க வழியில்லை. பிற்பாடு யோசித்தபோதுதான், சரிபார்ப்பு என் ஒழுங்கில் இருந்தும் தவறான இடத்தில் இருந்தது புரிந்தது. கைப்பக்கம் முடிவான பிறகுதான் வட்டத்தைப் பார்க்க வேண்டும். கைப்பக்கம் மாறினால் மீண்டும் பார்க்க வேண்டும். இன்று வட்டத்தைக் கண்ணால் பார்ப்பதோடு கட்டைவிரலாலும் தடவிப் பார்க்கிறேன். கண் அவசரத்தில் பார்த்ததாகப் பாவனை செய்துவிடும், விரல் அப்படிச் செய்வதில்லை.

விரிப்பின் மீது கால்களை எப்படி வைப்பது?

விரிப்பு 600 மில்லிமீட்டர் நீளமும் 360 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் மீது பாதம் ஜாக்கை நோக்கி அல்லாமல், பவுல் புறப்பட வேண்டிய கோட்டை நோக்கி இருக்க வேண்டும். புதியவர்களின் உருட்டல் குறுகிப்போவதற்கு மிகப் பொதுவான காரணம், கண் ஜாக்கை நாட, பாதமும் அதன் பின்னாலேயே திரும்பிவிடுவதுதான். நான் பரிந்துரைப்பது, விரிப்புக்குப் பின்னாலிருந்தே அந்தக் கோட்டில் நடந்துவந்து ஏறுவது. அப்படி ஏறினால் பாதம் தானாகவே சரியான திசையில் அமைகிறது.

பவுல் கையை விட்டுப் பிரியும் கணத்தில் ஒரு பாதத்தின் முழுப்பகுதியோ சிறுபகுதியோ விரிப்பின் மீதோ அதற்கு நேர் மேலேயோ இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே இடத்தில் ஏறிப் பழகியவருக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே வராது.

கண் எங்கே இருக்க வேண்டும்? ஜாக்கையா, கோட்டையா, எதைப் பார்ப்பது?

இரண்டையும் பார்க்க வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஜாக் தொலைவைச் சொல்கிறது. கோடு திசையைச் சொல்கிறது.

பவுல் தன் பாதையின் முற்பகுதியில் கிட்டத்தட்ட நேராகவும், பாதியைத் தாண்டி வேகம் குறையக் குறைய மேலும் மேலும் வளைந்தும் செல்கிறது. பாதை மையக்கோட்டிலிருந்து மிக விலகியிருக்கும் இடத்தை ஆட்டக்காரர்கள் தோள் என்று சொல்வதுண்டு. குறி வைப்பதில் மூன்று பழக்கங்கள் உள்ளன. சிலர் எதிர்ப்புற வரப்பில் ஓர் அடையாளத்தை, அதாவது ஒரு பலகையின் விளிம்பையோ மரத்தின் அடியையோ தேர்ந்து அதை நோக்கி உருட்டுவார்கள். சிலர் தோள் இருக்கும் இடத்தில் புல்லின் நிற வேறுபாட்டைக் குறியாகக் கொள்வார்கள். சிலர் தமக்கு முன்னால் சில மீட்டர் தொலைவில் ஒரு புள்ளியைக் கண்டு, அதன் மீது பவுல் ஏறிச் செல்லும்படி விடுவார்கள். மூன்றிலும் வெற்றி பெற்றவர்கள் உண்டு. வரப்பில் குறி வைப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் விரிப்பின் இடம் மாறும்போது கோணமும் மாறுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அருகிலுள்ள புள்ளியைக் கொள்பவர் தலையைக் கீழேயே வைத்திருப்பதால் தொலைவின் உணர்வை இழக்கக்கூடும். எனக்குத் தோளே பொருந்துகிறது, ஏனெனில் அங்கே திசையும் வேகமும் ஒன்றாகத் தெரிகின்றன.

எதைத் தேர்ந்தாலும், கடைசியாகக் கண் நிலைக்கும் இடம் அதுவாக இருக்க வேண்டும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தட்டுவோரின் கண்ணசைவுகளை 1990களில் ஆராய்ந்து, தேர்ந்தவர்களின் பார்வை செயலுக்குச் சற்றுமுன் ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் நிலைப்பதையும், தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வை தாவிக்கொண்டே இருப்பதையும் காட்டினார். அசையாத அந்தக் கடைசிப் பார்வைக்கு 'அமைதியான கண்' என்ற பொருளில் அவர் பெயரிட்டார். ஆகவே பார்வையின் வரிசையை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதலில் ஜாக்கை நன்றாகப் பார்த்துத் தொலைவை உள்வாங்குங்கள். பிறகு கண்ணைக் குறியின் மீது கொண்டுவாருங்கள். அங்கேயே வைத்தபடி உருட்டுங்கள். மறுபடியும் ஜாக்கை எட்டிப் பார்க்கும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுத்தால் கை கண்ணைப் பின்தொடர்ந்து உள்ளே வந்துவிடும்.

வேகத்தை ஒழுங்குக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஆட்டக்காரர்கள் 'வெயிட்' என்று சொல்வது பவுலின் எடையை அன்று. அது போய்ச் சேர வேண்டிய தொலைவுக்கு ஏற்ற வேகத்தை. திசையைவிட இதுவே கற்க அரியது, ஏனெனில் திசைக்குக் குறி உண்டு, வேகத்துக்குக் கண்ணால் காணக்கூடிய குறி எதுவும் இல்லை.

புல்தளத்தின் வேகத்தை விநாடிகளில் சொல்வார்கள். கையை விட்ட பவுல் சுமார் 27 மீட்டர் தொலைவில் உள்ள ஜாக்கின் அருகே வந்து நிற்க எத்தனை விநாடிகள் ஆகின்றன என்பதே அளவு. விநாடி கூடினால் தளம் வேகமானது என்று பொருள் என்பது முதலில் முரணாகத் தோன்றும். மழுமழுப்பான தளத்தில் மெதுவாக விட்டாலே பவுல் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் அது நெடுநேரம் உருள்கிறது. அடர்ந்த ஈரப் புல்லில் வலுவாகத் தள்ள வேண்டியிருப்பதால் விரைவாகப் போய் விரைவாக நின்றுவிடுகிறது. பிரிட்டனின் மெதுவான தளங்களில் 10 முதல் 12 விநாடிகள் ஆகும் உருட்டலுக்கு, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14 விநாடிகளுக்கு மேலேயே ஆகும். நெடுநேரம் மெதுவாக உருளும் பவுல் அதிகமாக வளைகிறது. அதனால் தளத்தின் வேகம் மாறும்போது கோட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வெயிட் முதலில், கோடு பிறகு என்று சில பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். காலையில் பனி ஈரம் இருக்கும் தளம் வெயில் ஏறக் காய்ந்து வேகமாகிவிடுவதையும் மனத்தில் கொள்ள வேண்டும். காலையில் சரியாக இருந்த உருட்டல் நண்பகலில் ஜாக்கைத் தாண்டிப் போவது உங்கள் கையின் குற்றமன்று.

ஒழுங்கில் இதற்கு உரிய இடம் பவுலைக் கையில் எடுத்து விரிப்புக்குப் பின்னால் நிற்கும் நேரம். இதே கைப்பக்கத்தில் நீங்கள் கடைசியாக உருட்டிய பவுலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது ஓரடி குட்டையா, இரண்டடி நீளமா? இம்முறை அதைவிடச் சற்றுக் கூடவா குறையவா? எண்களைக் காட்டிலும் இந்த ஒப்பீடு கைக்கு எளிதில் விளங்குகிறது. இன்னொரு குறிப்பும் உண்டு. வலக்கை ஆட்டக்காரர் ஒரு திசையில் ஆடும்போது ஃபோர்ஹேண்டுக்குப் பயன்படுத்தும் புல்பரப்பும், அடுத்த சுற்றில் எதிர்த்திசையில் ஆடும்போது பேக்ஹேண்டுக்குப் பயன்படுத்தும் புல்பரப்பும் ஒன்றே. சென்ற சுற்றில் அங்கே ஒரு பள்ளமோ மேடோ தெரிந்திருந்தால் அந்த அறிவு இப்போது உதவும்.

பவுலைப் பிடித்தபடி கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாமா?

ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது தோளின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள பவுலோடு நான்கைந்து முறை ஆட்டினால் கை களைத்துவிடும், மனம் அசைவை எண்ணத் தொடங்கிவிடும்.

மூச்சு, மந்திரச்சொல் போன்றவை உண்மையிலேயே உதவுமா?

குறி மீது கண் நிலைத்ததும் ஒரு மூச்சை நிதானமாக வெளியே விடுவது தோளைத் தாழ்த்துகிறது. அதற்குமேல் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. சொல்லைப் பொறுத்தவரை, கைக்குக் கட்டளையிடும் சொல்லை விட்டுவிட்டு, பவுலின் போக்கைச் சொல்லும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "மணிக்கட்டை நேராக வை" என்பதைவிட "பாதையின் தோள் வரை உருள்" என்பது நல்லது. உடல் உறுப்பைக் காட்டிலும் செயலின் விளைவில் கவனம் வைப்பவர்களே நன்றாகச் செய்கிறார்கள் என்பதைக் கேப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளரின் சோதனைகள் பல்வேறு விளையாட்டுகளில் காட்டியுள்ளன.

மொத்தமாக எத்தனை விநாடிகள் எடுத்துக்கொள்ளலாம்?

விரிப்பில் ஏறியதிலிருந்து பவுல் கையை விடும்வரை பத்து விநாடிகளைச் சுற்றி அமைவது பெரும்பாலோருக்கு இயல்பு என்பது என் கணிப்பு. எட்டாக இருந்தாலும் பன்னிரண்டாக இருந்தாலும் குறையில்லை. ஒரு பவுலுக்கு எட்டும் அடுத்ததற்கு இருபதுமாக இருந்தால், அந்த இருபதில் நீங்கள் மறுபடியும் தீர்மானித்துக்கொண்டிருந்தீர்கள் என்று அறியலாம். வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவது எதிரணிக்குச் செய்யும் அவமதிப்பு.

ஒழுங்கின் நடுவே காற்று வீசினாலோ, பக்கத்து ரிங்க்கில் கூச்சல் எழுந்தாலோ?

விரிப்பிலிருந்து இறங்கி, பின்னால் போய், முதலிலிருந்து தொடங்குங்கள். இதைச் செய்யப் பலர் கூச்சப்படுகிறார்கள். மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற எண்ணம் நம் பண்பாட்டில் ஆழமானது, அது நல்லதும்கூட. ஆனால் கலைந்த மனத்தோடு உருட்டி, அணியின் மற்ற மூவரின் உழைப்பை வீணாக்குவதைவிட ஐந்து விநாடி காக்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பாதியிலிருந்து தொடர மட்டும் வேண்டாம். விட்டுப்போன படி எதுவென்று நமக்கே தெரியாது.

கடைசிச் சுற்று, கடைசிப் பவுல், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். அப்போது கூடுதலாக என்ன செய்ய வேண்டும்?

கூடுதலாக எதையும் செய்யக் கூடாது. சிரமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. முக்கியமான பவுல் என்பதால் கூடுதல் கவனம் தேவை என்று மனம் சொல்லும். அந்தக் கவனத்தை எங்கே செலுத்துவது என்று தெரியாமல், தானாக நடந்துகொண்டிருந்த கையசைவின் மீது செலுத்தும். பழகிய அசைவைத் துண்டு துண்டாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அது குலைந்துபோகிறது. படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்தால் தடுக்கி விழுவதைப் போன்றது இது. ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வு, செய்முறை விதிகளை வெளிப்படையாகக் கற்று அவற்றை எண்ணியபடி ஆடுபவர்களே நெருக்கடியில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதைக் கோல்ஃபைக் கொண்டு சுட்டியது.

நெருக்கடியில் ஒழுங்கு செய்யும் உதவி, மனத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்து வைப்பதுதான். வட்டத்தைத் தடவுவது, கோட்டில் நடந்து ஏறுவது, ஜாக்கைப் பார்ப்பது, குறிக்குக் கண்ணைக் கொண்டுவருவது எனச் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும்போது, "தவறினால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு இடம் குறைகிறது. நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதை நிறுத்த முயல வேண்டாம். படபடப்போடும் அதே பத்து விநாடிகளை நடத்தலாம். நெருக்கடியில் பெரும்பாலோரின் நடை வேகமாகிவிடுகிறது என்பதால், விரிப்பை நோக்கி நடப்பதை மட்டும் உணர்ந்தே நிதானப்படுத்துவது நல்லது.

வேகமாக அடிக்கும் 'டிரைவ்' உருட்டலுக்கு வேறு ஒழுங்கு வேண்டுமா?

வேண்டாம், வரிசை ஒன்றே. வேகம் மிகுதியாக இருப்பதால் பவுல் குறைவாகவே வளையும்; ஆகவே குறி மட்டும் ஜாக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. டிரைவில் அவசரம் தொற்றிக்கொள்வதுதான் ஆபத்து.

பவுல் கையை விட்டதும் ஒழுங்கு முடிந்துவிடுகிறதா?

இல்லை, இன்னும் ஒரு படி உண்டு. கை குறியை நோக்கி நீண்டபடி, தாழ்ந்த நிலையிலேயே ஒரு கணம் நின்று, பவுல் குறியின் மீது சென்றதா என்று பாருங்கள். பிறகு அது நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். குறியைச் சரியாகக் கடந்தும் ஜாக்கை விட்டு விலகியிருந்தால் தீர்மானம் பிழை; குறியையே கடக்காவிட்டால் உருட்டல் பிழை. இரண்டுக்கும் திருத்தம் வேறு. இதைப் பிரித்தறியாதவர்கள், நல்ல கோட்டை மாற்றிக்கொண்டும் கெட்ட கையசைவைக் காப்பாற்றிக்கொண்டும் ஒரு முழு ஆட்டத்தைக் கழித்துவிடுகிறார்கள். கண்டதை மனத்தில் குறித்துக்கொண்டு, பவுல் நின்றதும் களத்தை எதிரணிக்கு விட்டு விலகிவிடுங்கள்.

எனக்கென ஓர் ஒழுங்கை எப்படி உருவாக்குவது?

முதலில் நீங்கள் இப்போது செய்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் அறியாமலே ஓர் ஒழுங்கு இருக்கிறது. நண்பர் ஒருவரைக் கைபேசியில் பத்துப் பவுல்களைப் பின்னாலிருந்து படமெடுக்கச் சொல்லி, நல்லவற்றையும் கெட்டவற்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நல்ல உருட்டல்களின் முன் தவறாமல் வந்த படிகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கி, ஐந்தாறு படிகளுக்குள் ஒரு தாளில் எழுதுங்கள்.

பயிற்சியில் நான்கு பவுல்களையும் அடுத்தடுத்து உருட்டித் தள்ளுவதுதான் நம் வழக்கம். அது கையைப் பழக்கும், ஒழுங்கைப் பழக்காது. ஒரு பவுலை உருட்டிவிட்டு, விரிப்பை விட்டு விலகி, சிறிது நடந்து, மீண்டும் முதலிலிருந்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பக்கத்தையும் ஜாக்கின் தொலைவையும் மாற்றுங்கள். பவுல் எங்கே நின்றது என்பதற்குப் பதிலாக, படிகள் முழுமையாக நடந்தனவா என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். இதைச் சில வாரங்கள் பொறுமையாகச் செய்தால் தாள் தேவையற்றுப் போகும். போட்டி நாளில் மட்டும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு அது அந்நாளில் கைகொடுப்பதில்லை.

புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் ஒழுங்கை அப்படியே பின்பற்றலாமா?

இங்கிலாந்தின் கிளீவ்டனைச் சேர்ந்த டேவிட் பிரையன்ட், 1966, 1980, 1988 ஆகிய ஆண்டுகளில் உலக ஒற்றையர் பட்டத்தையும், 1962 முதல் 1978 வரையிலான காலத்தில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை நான்கு முறையும் வென்றவர். வாயில் புகைக்குழாயோடு விரிப்பின் மீது குந்தியிருந்து, எழுந்து, அடியெடுத்து வைத்து உருட்டும் அவருடைய தோற்றம் இவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அவரைப் போலக் குந்தி எழ முயன்று முழங்கால் வலி கண்டவர்கள் இருப்பார்கள். முன்காலை முதலிலேயே முன்னால் ஊன்றி நிற்கும் நிலை மூத்தவர்கள் பலருக்கு ஏற்றது. பிரையன்டிடமிருந்து கற்க வேண்டியது அந்தக் குந்தலை அன்று, அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்ததை.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் விளையாடும்போது இந்த ஒழுங்கு எப்படி நடக்கிறது?

இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளில் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான கலப்பு இணை ஆட்டம் இடம்பெற்றது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. ஜாக்கைச் சுற்றியுள்ள பவுல்களின் நிலையைக் கடிகார முகத்தைப் போலக் கற்பனை செய்து, "இரண்டு மணித் திசையில் ஓரடி" என்பது போல வழிகாட்டி சொல்ல, ஆட்டக்காரர் அதை மனத்தில் வரைந்துகொள்கிறார். கோட்டையும் தொலைவையும் இருவரும் பேசி முடித்த பிறகே உருட்டல் நடக்கிறது. மற்றவர்கள் மனத்துக்குள் மங்கலாக விட்டுவிடுகிற தீர்மானத்தை இவர்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருப்பதால், விரிப்பில் ஏறும் முன் ஐயம் தீர்ந்துவிடுகிறது. 2022 பர்மிங்காமில் இதே பிரிவில் ஸ்காட்லாந்து தங்கம் வென்றபோது, மெலனி இன்னெஸ் என்ற ஆட்டக்காரருக்கு வழிகாட்டியாக இருந்த ஜார்ஜ் மில்லருக்கு வயது 75. வாய்ப்புக் கிடைத்தால் இப்படி ஓர் இணை ஆடுவதை அருகிலிருந்து கேளுங்கள். பிறகு உங்கள் அடுத்த பயிற்சியில், பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி உங்கள் முடிவை ஒவ்வொரு பவுலுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு விரிப்பில் ஏறிப் பாருங்கள்.